பரிந்துரைக் கடிதம் எழுதும் தமிழ் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவில் பணிபுரியும் தமிழ் மருத்துவர்களுக்கும், இங்குள்ள பல்கலைக்கழகங்களில் கற்பிக்கும் தமிழ்ப் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகளுக்காக நீங்கள் எழுதிக்கொடுக்கும் பரிந்துரைக் கடிதங்களைப் பற்றியும், அவற்றின் இரகசியத்தைப் பற்றியும் இந்த மடலை எழுதுகிறேன். நான் இங்குள்ள ஒரு மருத்துவக் கல்லூரியில் கற்பிப்பவன். அதன் சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்து பல ஆண்டுகள் விண்ணப்பக் கோப்புகளைப் படித்தவன். அந்தக் கோப்புகளில் தமிழ்ப் பெயர் தாங்கிய கடிதங்களைப் பார்க்கும்போது பெருமையும் கவலையும் சேர்ந்தே வரும். கவலைக்குக் காரணம் ஒன்றுதான். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை மாணவர் எழுத்து மூலமாக விட்டுக்கொடுத்த பிறகு, அந்த இரகசியத்தைக் காக்க வேண்டிய பொறுப்பு எழுதுகிறவருடைய கைக்கு வந்துவிடுகிறது. நம்மிடையே அந்தப் பொறுப்பு பெரும்பாலும் உணரப்படுவதில்லை.

நடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நண்பரின் மகளோ மகனோ கோடை விடுமுறையில் சில வாரங்கள் உங்கள் கிளினிக்கில் ஷேடோயிங் செய்கிறார், அதாவது உங்கள் வேலையைக் கூடவே இருந்து பார்க்கிறார். முடிகிற நாளில் தயங்கித் தயங்கி, "அங்கிள், எனக்கு ஒரு லெட்டர் தர முடியுமா?" என்று கேட்கிறார். "அதுக்கென்னம்மா, நீயே எழுதி அனுப்பு, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்கிறீர்கள். அல்லது நீங்களே எழுதி முடித்துவிட்டு, ஏற்றுவதற்கு முன்பு அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரியா இருக்கா பாருங்க, ஏதாவது சேர்க்கணுமா?" என்று விசாரிக்கிறீர்கள். பொங்கல் விழாக்களிலும் நவராத்திரிக் கொலுக்களிலும் இப்படிப்பட்ட கடிதங்களின் வரிகள் பத்துப் பேர் முன்னிலையில் ஒப்பிக்கப்படுவதை நானே கேட்டிருக்கிறேன். எல்லாம் பாசத்தினால் நடப்பவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதே மாணவி, அதே கடிதத்தைக் குறித்து, அதைப் பார்க்கும் உரிமை தனக்கு வேண்டாம் என்று தன் கல்லூரியின் ஆலோசனை அலுவலகத்திலோ, கடிதங்களைச் சேமித்து அனுப்பும் இணையச் சேவையிலோ கையெழுத்திட்டிருக்கிறாள். சேர்க்கைக் குழுவினர் அந்தக் கையெழுத்தை நம்பித்தான் உங்கள் கடிதத்தைத் திறக்கிறார்கள்.

அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1974 ஆகஸ்ட் 21 அன்று அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்ட, சுருக்கமாக ஃபெர்பா என்று அழைக்கப்படுகிற குடும்பக் கல்வி உரிமைகள் மற்றும் அந்தரங்கச் சட்டம் அது. அதைக் கொண்டுவந்தவர் நியூயார்க் செனட்டர் ஜேம்ஸ் பக்லி. கல்வி நிறுவனங்கள் வைத்திருக்கும் பதிவேடுகளைப் பெற்றோரும், 18 வயது நிரம்பிய அல்லது கல்லூரியில் சேர்ந்த மாணவரும் பார்க்கலாம் என்றும், கேட்ட 45 நாட்களுக்குள் காட்ட வேண்டும் என்றும் அது விதித்தது. அப்படியானால் பேராசிரியர்கள் மனம் திறந்து எழுதிய கடிதங்களின் கதி என்ன என்ற கேள்வி பல்கலைக்கழகங்களில் உடனே எழுந்தது. அதற்கு விடையாக, அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று ஒரு திருத்தம் சட்டமானது. 1975 ஜனவரி 1க்கு முன்பு இரகசியமாக எழுதப்பட்ட கடிதங்களை அது மாணவர் பார்வையிலிருந்து விலக்கியது. அதன் பிறகு எழுதப்படுபவற்றைப் பார்க்கும் உரிமையை மாணவர் விரும்பினால் தாமே எழுதிக்கொடுத்து விட்டுவிடலாம் என்றது.

'விரும்பினால்' என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். உரிமையை விட்டுக்கொடுத்தால்தான் சேர்த்துக்கொள்வோம், உதவித்தொகை தருவோம் என்று எந்த நிறுவனமும் நிபந்தனை விதிக்கக் கூடாது. யார் யார் கடிதம் எழுதியிருக்கிறார்கள் என்று மாணவர் கேட்டால் அந்தப் பெயர்களைச் சொல்ல வேண்டும். எந்த நோக்கத்துக்காக எழுதப்பட்டதோ அந்த நோக்கத்துக்கு மட்டுமே கடிதத்தைப் பயன்படுத்த வேண்டும் என்றெல்லாம் சட்டம் மாணவரின் பக்கம் நின்று நிபந்தனைகள் போட்டிருக்கிறது. இத்தனை இருந்தும், நடைமுறையில் ஏறக்குறைய எல்லா ஆலோசகர்களும் மாணவர்களுக்குச் சொல்வது உரிமையை விட்டுக்கொடுத்துவிடு என்றுதான். விட்டுக்கொடுக்காத கடிதத்தைக் குழுவினர் அரை மனதோடுதான் படிப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே இருபது, இருபத்தொரு வயதுப் பிள்ளை, தன் வாழ்க்கையின் போக்கைத் தீர்மானிக்கக்கூடிய ஒரு தாளைப் பார்க்கும் உரிமையை, பெயரளவில் விருப்பத்தோடும் உண்மையில் வேறு வழியின்றியும் கைவிடுகிறது. அதற்குப் பதிலாக அந்தப் பிள்ளைக்கு நம்மிடமிருந்து என்ன கிடைக்கிறது என்பதுதான் என் கேள்வி.

உங்களில் சிலர், நான் தனியார் மருத்துவமனையில் வேலை செய்கிறேன், இந்தச் சட்டம் என்னைக் கட்டுப்படுத்தாதே என்று சொல்லலாம். அது சரிதான். ஃபெர்பா கல்வி நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. மாணவர் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார் என்பதற்காக, எழுதியவர் தாமாக விரும்பிக் காட்டுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் இது வழக்கு மன்றத்துக்குப் போகும் விஷயமல்ல, நாணயத்தைப் பற்றிய விஷயம். இந்தக் கடிதத்தை விண்ணப்பதாரர் பார்த்ததில்லை, அவருக்காகத் தணிக்கை செய்யப்பட்டதில்லை என்ற நம்பிக்கையில்தான் குழு அதற்கு எடை கொடுக்கிறது. அப்பாவின் கைப்பேசி வழியாகத் திருத்தப்பட்டு வந்த கடிதத்துக்கும் அதே எடையைப் பெற்றுக்கொண்டால், உண்மையாகவே பார்க்காமல் காத்திருந்த இன்னொரு பிள்ளையிடமிருந்து நாம் எதையோ எடுத்துக்கொண்டோம் என்றுதான் பொருள்.

அந்த எடை எவ்வளவு பெரியது என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும், இங்கே அடிப்படை மருத்துவப் பட்டமான எம்.டி.யைத் தரும் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு 50,000க்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பிக்கிறார்கள். சேருகிறவர்கள் சுமார் 23,000 பேர். மதிப்பெண் சராசரியும் மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டின் மதிப்பெண்ணும் ஓரளவுக்கு வடிகட்டுகின்றன. அதற்குப் பிறகு எஞ்சுகிற கோப்புகளில் எல்லாரும் ஒரே உயரத்தில் நிற்கிறார்கள். இந்தக் கல்லூரிகளுக்கான பொது இணைய விண்ணப்பமான ஆம்காஸில் 5,300 எழுத்துகளுக்குள் எழுத வேண்டிய தன்விளக்கக் கட்டுரையைப் பலர் திருத்திக் கொடுத்திருப்பார்கள். பதினைந்து வரை பதிவு செய்யக்கூடிய செயல்பாடுகளின் பட்டியலை மாணவரே தேர்ந்தெடுத்து எழுதியிருப்பார். கோப்பிலுள்ள எழுத்துகளில் அவர் கை படாதது கடிதம் ஒன்றுதான். நள்ளிரவில் படித்துக்கொண்டிருக்கும் குழு உறுப்பினர், இந்தப் பிள்ளை நோயாளியின் பக்கத்தில் எப்படி நின்றது, தவறு நேர்ந்தபோது என்ன செய்தது, கூட வேலை செய்த நர்ஸை எப்படி நடத்தியது என்று தெரிந்துகொள்ள அங்கேதான் தேடுகிறார்.

அடையாளங்களை மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். நல்ல மதிப்பெண்கள் பெற்ற ஒரு மாணவியின் கோப்பில், அனுபவம் மிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவரின் கடிதம் இருந்தது. அழகான லெட்டர்ஹெட், நேர்த்தியான கையெழுத்து. கடிதத்தின் மூன்றாவது பத்தியில் ஒரு நோயாளியைப் பற்றிய நிகழ்ச்சி வருகிறது. அதே நிகழ்ச்சி, அதே வரிசையில், மாணவியின் கட்டுரையிலும் வருகிறது. அதில் குறிப்பிடப்பட்ட நோயின் பெயர் இரண்டு இடங்களிலும் ஒரே எழுத்தில் பிழையாக இருந்தது. முப்பது ஆண்டுகள் அந்த நோய்க்குக் கத்தி பிடித்தவர் அந்தப் பெயரைப் பிழையாக எழுதியிருக்க மாட்டார். குழுவில் யாரும் அதைப் பற்றி நெடுநேரம் பேசவில்லை; அந்தக் கடிதத்தை ஒதுக்கிவிட்டு அடுத்த தாளுக்குப் போனார்கள். அந்தப் பெண்ணின் நேர்மையைப் பற்றிய ஒரு சந்தேகம் மட்டும் அந்த மேசையில் தங்கிவிட்டது. நீயே எழுதிக்கொண்டு வா என்று சொன்னவர் யார், அதை மறுக்க முடியாமல் எழுதியவள் யார் என்பதெல்லாம் அங்கே கணக்கில் வரவில்லை. விளைவு அவளுக்குத்தான்.

நம்மவர்களிடம் இந்தப் பழக்கம் ஏன் இவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறேன். நம்மில் பெரும்பாலோர் மதிப்பெண்ணாலும் நுழைவுத் தேர்வாலும் தரவரிசையாலும் மருத்துவக் கல்லூரிக்குள் வந்தவர்கள். நம்மைப் பற்றி யாரும் எதையும் எழுத வேண்டியிருக்கவில்லை. நமக்குத் தெரிந்த 'கடிதம்' எல்லாம் பள்ளியில் வாங்கிய நன்னடத்தைச் சான்றிதழும், கெஸட்டட் அதிகாரியிடம் வரிசையில் நின்று வாங்கிய மேலொப்பமும்தான். அவற்றில் வாசகம் ஏற்கெனவே அச்சாகியிருக்கும்; கையெழுத்தும் முத்திரையும் மட்டும் போதும். அந்தக் கண்ணோடு இந்த ஊரின் பரிந்துரைக் கடிதத்தைப் பார்த்தால், அதுவும் ஒரு சடங்காகத்தான் தோன்றும். பெரியவர் கையெழுத்துப் போட்டாரா என்பதுதான் முக்கியம், என்ன எழுதினார் என்பது அல்ல என்ற எண்ணம் அங்கிருந்துதான் வருகிறது. இங்கே நிலைமை தலைகீழ். துறைத் தலைவர் எழுதிய நான்கு வரிப் பாராட்டைவிட, ஆய்வுக்கூடத்தில் ஓராண்டு உடனிருந்து பார்த்த இளம் உதவிப் பேராசிரியர் எழுதிய ஒன்றரைப் பக்கத்தைத்தான் குழு இரண்டாம் முறை படிக்கும். குடும்ப நண்பர்கள் எழுதும் கடிதங்கள் வேண்டாம் என்று கல்லூரிகளும் ஆலோசகர்களும் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதனால்தான்.

இரகசியத்துக்கு இன்னொரு முகம் இருக்கிறது. நான் அதிகம் கவலைப்படுவது அதைப் பற்றித்தான். மாணவரிடமிருந்து கடிதத்தை மறைப்பது ஒரு பக்கம். மாணவர் நம்மை நம்பிச் சொன்னதைக் கடிதத்திலிருந்து காப்பது இன்னொரு பக்கம். அம்மாவின் புற்றுநோய், வீட்டில் நடந்த பிரிவு, இரண்டாம் ஆண்டில் வந்த மனச்சோர்வு, குடும்பத்தின் விசா சிக்கல் என்று பிள்ளைகள் நம்மிடம் மனம் விட்டுப் பேசுகிறார்கள். அவர்களின் விடாமுயற்சியைப் புகழ வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு, இத்தனை கஷ்டங்களையும் தாண்டி வந்தவர் என்று நாம் அவற்றை அப்படியே எழுதிவிடுகிறோம். உடல்நலக் குறைபாடுகளைப் பற்றிச் சேர்க்கைக்கு முன்பு விண்ணப்பதாரரிடம் கல்லூரி விசாரிக்கக் கூடாது என்பது 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆவது பிரிவையொட்டிய பொது விதி. கல்லூரி கேட்கக் கூடாத கேள்விக்கு, கேட்காமலே பதில் எழுதிக் கொடுப்பவர்களாக நாம் ஆகிவிடுகிறோம். மாணவர் பார்க்கும் உரிமையையும் விட்டுக்கொடுத்துவிட்டதால், அந்த வரி அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது. நேர்காணல் அழைப்புகள் வராமல் போனால் ஏன் என்று அவரால் ஊகிக்கக்கூட முடியாது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் கடிதம் எழுதுவோருக்காக வெளியிட்டுள்ள வழிகாட்டுதலே, இத்தகைய நுட்பமான செய்திகளைச் சேர்ப்பதாக இருந்தால் விண்ணப்பதாரரின் அனுமதியைக் கேளுங்கள் என்கிறது. கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும்: "உன் உடம்பு சரியில்லாமல் இருந்ததைப் பற்றி எழுதலாமா, வேண்டாமா?" வேண்டாம் என்றால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

பேராசிரியர்களாக இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. நீங்கள் நேரில் பார்த்ததை எழுத அனுமதி தேவையில்லை. ஆனால் கல்லூரிப் பதிவேட்டிலிருந்து மதிப்பெண்ணையோ தரவரிசையையோ எடுத்து எழுதினால், அதற்கு மாணவரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். மருத்துவர்களாக இருப்பவர்கள் நோயாளியை அடையாளம் காட்டும் எதையும் கடிதத்தில் எழுதக் கூடாது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

இந்த இரகசிய முறையையே எதிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை நான் எளிதாக ஒதுக்க மாட்டேன். மூடிய உறைக்குள் ஓரவஞ்சனை தங்குகிறது என்கிறார்கள். அதற்குச் சான்றும் இருக்கிறது. அமெரிக்காவின் பெரிய மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியப் பணிக்கு விண்ணப்பித்தவர்களுக்காக 1990களில் எழுதப்பட்ட 300க்கும் மேற்பட்ட கடிதங்களை ஆராய்ந்து 2003இல் வெளிவந்த கட்டுரை, பெண்களுக்காக எழுதப்பட்டவை சராசரியாகச் சிறியவையாகவும், சந்தேகத்தைக் கிளப்பும் சொற்கள் மிகுந்தவையாகவும் இருந்ததைக் காட்டியது. எழுதியவர்களில் பலருக்குத் தாம் அப்படி எழுதுகிறோம் என்பதே தெரிந்திருக்காது. இன்னொன்றும் உண்டு: ஒரு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படிப்பவருக்குத்தான் அந்தக் கல்லூரியின் கோப்பைப் பார்க்கக் கேட்கும் உரிமை எழுகிறது. இடம் கிடைக்காமல் போனவர் உரிமையை விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தாலும், தம்மை மறுத்த கல்லூரியிடம் அந்தக் கடிதத்தைக் கேட்க முடியாது. கடிதத்தால் அதிகம் பாதிக்கப்பட்டவருக்குக் கதவு எப்படியும் மூடியே இருக்கிறது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், முறை இருக்கட்டும் என்றுதான் சொல்வேன். எல்லாக் கடிதங்களும் மாணவர் பார்வைக்கு வரும் என்றானால், எல்லாக் கடிதங்களும் ஒரே குரலில் புகழும். அப்போது குழு மறுபடியும் மதிப்பெண்களையும், யாருக்கு யாரைத் தெரியும் என்பதையும் நம்பத் தொடங்கும். அதனால் முதலில் அடிபடுவது, செல்வாக்குள்ள அங்கிள் யாரும் இல்லாத பிள்ளைதான். ஓரவஞ்சனைக்கு மருந்து, எழுதுகிறவர் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்வதில் இருக்கிறது. அவசரச் சிகிச்சைத் துறையினர் பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சியான ரெசிடென்சியின் சேர்க்கைக்கு, எல்லாரையும் ஒரே கேள்விகளால் அளக்கும் ஒரு பொதுப் படிவத்தை 1990களிலேயே கொண்டுவந்துவிட்டார்கள். நமக்குப் படிவம் இல்லாவிட்டாலும் கேள்விகள் இருக்கலாம்: இந்த மாணவரை எவ்வளவு காலம், எந்த நிலையில் பார்த்தேன்? நேரில் கண்டது எது, கேள்விப்பட்டது எது? இதே வரியை ஒரு பையனுக்கு எழுதும்போதும் இப்படியேதான் எழுதுவேனா?

கடிதத்தைக் காட்டாமல் இருப்பது, மாணவரை இருட்டில் வைப்பதாகாது. எழுதுவதற்கு முன்பு அரை மணி நேரம் உட்காரவைத்துப் பேசுங்கள். அவருடைய கட்டுரையையும் செயல்பாடுகளின் பட்டியலையும் வாங்கிப் படியுங்கள். "உன்னிடம் நான் பார்த்தது இவை, இவற்றை எழுத முடியும். ஆய்வுத் திறமையைப் பற்றி என்னால் சொல்ல முடியாது, அதற்கு வேறு ஒருவரைக் கேள்" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதன் பிறகு தனியாக உட்கார்ந்து, உங்கள் சொந்தச் சொற்களில் எழுதுங்கள். உங்கள் ஆங்கிலம் அலங்காரமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. குழுவுக்கு வேண்டியது நீங்கள் பார்த்தது. அப்பா தொலைபேசியில் கேட்டால், "உங்க பொண்ணு அதைப் பாக்குற உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கா, நான் அதை மதிக்கணும் இல்லையா" என்று சொல்லுங்கள். முதல் முறை சங்கடமாகத்தான் இருக்கும். ஒரு காரியத்துக்கு எழுதியதை மாணவரைக் கேட்காமல் இன்னொரு விண்ணப்பத்துக்கோ உதவித்தொகைக்கோ அனுப்பாதீர்கள்.

தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் கற்பிக்கும் உங்கள் பழைய வகுப்புத் தோழர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கிருந்து ரெசிடென்சிக்கு வரும் இளம் மருத்துவர்கள் ஈராஸ் என்ற இணைய விண்ணப்பச் சேவை வழியாக ஒவ்வொரு இடத்துக்கும் அதிகபட்சம் நான்கு கடிதங்கள் அனுப்புகிறார்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுத்தாரா என்ற கேள்வி அங்கேயும் உண்டு. கடிதத்தை ஏற்ற வேண்டியவர் எழுதியவரே. 2022 ஜனவரியிலிருந்து அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யுஎஸ்எம்எல்இயின் முதல் கட்டத்துக்கு மதிப்பெண் இல்லை, தேர்ச்சியா இல்லையா என்ற முடிவு மட்டும்தான். வெளிநாட்டுக் கல்லூரியிலிருந்து வருபவரை அடையாளம் காட்டிய ஓர் எண் அதோடு போய்விட்டது. அந்த இடத்தை நிரப்பும் கடிதங்களில், ஒரே கல்லூரியைச் சேர்ந்த மூன்று பேருக்கு ஒரே பத்திகள் பெயர் மட்டும் மாறி வந்தால், நான்காவதாக வரும் உண்மையான கடிதத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நல்லபடியாக எழுத முடியாது என்று தெரிந்தால், முடியாது என்று சொல்லிவிடுங்கள். நம் பண்பாட்டில் நண்பரின் பிள்ளையிடம் அப்படிச் சொல்வது கடினம் என்பதை அறிவேன். ஆனால் ஒப்புக்கொண்டுவிட்டு, மாணவர் ஒருபோதும் பார்க்க முடியாத தாளில் மந்தமாக நான்கு வரி எழுதுவது அதைவிடக் கொடுமை. அவர் உங்களை நம்பி இன்னொருவரைக் கேட்காமல் இருந்திருப்பார். ஆம்காஸ் விண்ணப்பம் மே மாதம் திறக்கிறது, மே இறுதியிலிருந்து சமர்ப்பிக்கத் தொடங்குகிறார்கள். மார்ச் மாதத்தில் "இல்லைம்மா, உன்னை எனக்கு அந்த அளவுக்குத் தெரியாது, உன் உயிர்வேதியியல் பேராசிரியரைக் கேள்" என்று நீங்கள் சொன்னால், அவளுக்கு இன்னொருவரைத் தேடிப் போக இரண்டு மாதங்கள் இருக்கும். ஜூலை வரை பதில் சொல்லாமல் இழுத்தடித்தால் இருக்காது.

அன்புடனும் மரியாதையுடனும்,
உங்களில் ஒருவன்